கல்லுக்குள் புகுந்த மீன்

சென்ற கிழமை இப்பத்தியில் என் புதுவீட்டுச் சுவரின் வெண்மையைப் புகழ்ந்தேன். அவ்வெண்மை எங்கிருந்து வந்தது என்பதை எழுதாமல் விட்டால், அப்புகழுரை பொய்யாகிவிடும். ஆகவே இக்குறிப்பு.

தை மாதம், ஒத்தக்கடை வீட்டுக்குச் சுண்ணாம்பு சொல்லிவைக்கத் திருப்பரங்குன்றம் அருகே கல் சுடும் ஒரு காளவாய்க்குச் சென்றேன். கடற்கல்லைச் சுட்ட சுண்ணாம்பே வேண்டுமென்பது கொத்தனாரின் பிடிவாதம்.

லாரியிலிருந்து பவளப்பாறைக் கற்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அங்கு வேலைசெய்யும் பேச்சி ஒரு கல்லைச் சம்மட்டியால் உடைத்தாள். அதன் பொந்தில், விரல் நீளத்தில் பச்சை நிற மீன் ஒன்று... காய்ந்து கிடந்தது.

ஆங்கிலத்தில் 'ராஸ்' என்பர். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் நான். அதன் இயல்பை அறிவேன். அஞ்சினால் அது வெளிக்கடலுக்கு ஓடாது. தன் கல்லின் பொந்துக்குள் மேலும் ஆழப் புகும். கடலில் கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தபோதும் அதையே செய்திருக்கிறது!

"என்ன சார், செத்த மீனை இம்புட்டு நேரம் பாக்குறீக? ஒரு வாய்க் கொழம்புக்குக்கூடக் காணாதே!" என்றாள் பேச்சி.

லாரி ஓட்டிவந்த அந்தோணி சிரிக்கவில்லை. அவர் கடலோரத்துக்காரர்.

"இந்தக் கல்லுதான் சார் எங்க ஊருக்கு அணை. எடுக்க எடுக்க அலை உள்ள வருது. எங்க வீட்டுக்கு இன்னும் பத்தடிதான்."

"பிறகு நீங்களே ஏன் ஏற்றி வருகிறீர்கள்?"

"லாரி நின்னா அடுப்பு எரியாதுல்ல சார்?"

"வேற ஊருக்குப் போயிருங்கண்ணே," என்றாள் பேச்சி.

"எங்கப்பன் வலைய உங்க ஊரு மாசி வீதியிலயா விரிப்பாரு? கூப்பிட்டா வர மாட்டேங்குறாரு. அலைச் சத்தம் கேட்டா வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிறாரு..."

நான் என்ன செய்தேன்? வேண்டாமென்று திரும்பியிருக்கலாம். ஆனால் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தாயிற்றே! சுண்ணாம்பு வந்தது, சுவர் வெளுத்தது.

நேற்று முன்தினம் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் பேச்சியைக் கண்டேன். அந்தோணியைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தோணி அண்ணே இப்ப லாரிக்கு வாரதில்ல சார். வீட்டக் கடல் கொண்டுபோயிருச்சாம். அவுக அப்பாவும் உள்ளதான் இருந்தாராம்..."

மீனின் பெயரிலோ இயல்பிலோ நான் பிழைபட்டிருப்பின், கடலோர வாசகர்கள் திருத்துக. பேச்சி கேட்ட செய்தியே பிழையென்றால் — அதை முதலில் எழுதுக.