கோலில் கண்ட எண்

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு ஒரு பள்ளத்தில் இருக்கிறது. மழை விட்டு மூன்று நாளானாலும் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். ஒருவழியாக வடிகாலுக்கு உத்தரவு வந்தது. மட்டம் அளக்க ஒப்பந்தக்காரர் அனுப்பிய சர்வேயர் நான்.

வடிகாலுக்கு இரண்டு வழிகள். கிழக்கே மக்காச்சோளக் கொல்லை வழியாக ஓடைக்கு. வடக்கே சாலையோரமாக ஏரிக்கு. லெவல் கருவியை நிறுத்தி, மூன்று இடங்களில் அளவுகோலைப் பிடிக்கச் சொல்லி, கருவியின் கண்ணாடி வழியே கோலில் தெரிந்த எண்ணைப் படித்தேன். தெருவில் 1.42 மீட்டர். கொல்லையில் 2.35. சாலையோரம் 0.90. கருவி ஒரே உயரத்தில் நிற்பதால், தரை தாழத் தாழக் கோலில் எண் கூடும். கொல்லைதான் பள்ளம், சாலை மேடு.

எண்களை உரக்கச் சொல்லித்தான் குறிப்பது வழக்கம். அது வினையாயிற்று.

"ஏம்மா, என் கொல்லை ரெண்டு முப்பத்தஞ்சு, ஒங்க தெரு ஒன்னு நாப்பத்திரண்டுன்னு நீதான சொன்ன?" என்றார் கொல்லைக்காரர். "எது பெருசு? மேட்டுல எப்புடி தண்ணி ஏறும்?"

"கோல்ல நம்பர் கூடுனா தரை தாழ்வுங்க."

"கேட்டுக்குங்கப்பா, படிச்ச புள்ள சொல்லுது. பெருசுன்னா பள்ளமாம்! அந்தத் தெருப் பொண்ணுதான, வேற எப்படி அளக்கும்?"

கூட்டம் சிரித்தது. பெரம்பலூரிலிருந்து வந்திருந்த பொறியாளர் பக்கம் திரும்பினேன். "சார், நீங்க சொல்லுங்க."

அவருக்குத் தெரியும். முதல் வருடப் பாடம் அது. செல்போனைப் பார்த்தபடியே சொன்னார்: "ஊர்ல ஒத்துப்போறதுதாம்மா நல்லது. சாலையோரமாவே போட்டுடலாம்."

தெரியாமல் பேசியவர் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதியும் அதற்கு மேலும் இவர் மேல்.

முழங்கால் ஆழத்துக்கு ஒரே சீராக வெட்டினார்கள். தரை எப்படிச் சரிந்ததோ அப்படியே வாய்க்காலின் அடியும் சரிந்தது, எங்களை நோக்கி. முதல் மழையிலேயே சாலைத் தண்ணீரும் சேர்ந்து தெருவுக்குள் வந்தது. அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, அளவுகோலை எங்கள் கூடத்துத் தண்ணீரில் நிறுத்தினேன். ஆழம் 0.31 மீட்டர். படமெடுத்துப் பொறியாளருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது.

மறுநாள் 0.34. அதையும் அனுப்பினேன்.