நான்காவது சேர்மானம்

ஜெயங்கொண்டத்தில் என் சகலையின் வீட்டுக் கூடத்தில் ஒரு காப்புரிமைப் பத்திரம் மாட்டியிருக்கிறது. கண்ணாடிச் சட்டம், அதற்கு மேலே ஒரு குட்டி பல்பு. பொங்கலுக்குப் போனால் எனக்கு அமைகிற இலை எப்போதும் அதற்கு நேர் எதிரில்தான். முந்திரிக் கொட்டை உடைக்கிறவர்களின் கையைக் காக்கும் பூச்சு ஒன்றை அவர் கண்டுபிடித்ததாக அந்தப் பத்திரம் சொல்கிறது. அதற்கான விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பூர்த்தி செய்தவன் நான். அந்த விவரம் பத்திரத்தில் இல்லை.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். நான் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து பெரம்பலூரில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மாமியார் இருந்தவரை, பந்தியில் "வாத்தியார் மாப்ளைக்கு மொதல்ல வையிங்க" என்பார். மூத்த மாப்பிள்ளை நான். அதை யாரும் மறுக்கவில்லை, நினைவில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

முப்பத்தாறு வருடம் நான் எழுதியவை எல்லாம் வரைவுகள். வாசகம் என்னுடையது, கீழே கையெழுத்து வேறொருவருடையது. அரியலூர் தனி மாவட்டமானபோது எந்தக் கோப்பு எந்த பீரோவுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போட்டவன் நான். மறுவருடமே அதைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்தபோது அதே பட்டியலைத் தலைகீழாகப் போட்டவனும் நானே. இரண்டுக்கும் பாராட்டுக் கடிதம் வந்தது. இரண்டும் என் பெயருக்கு வரவில்லை. இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மஞ்சளுக்கும் வேம்புக்கும் வெளிநாட்டில் யாரோ காப்புரிமை வாங்கிவிட்டதாகப் பேப்பரில் தினம் ஒரு கட்டுரை வந்தது. நான் அவற்றைக் கத்தரித்து வைத்தேன். சகலை அந்தக் கத்தரிப்புகளை வாங்கிக்கொண்டு போய் மேடை மேடையாகப் பேசினார். "எங்க அம்மா முகத்துல பூசின மஞ்சளுக்கு இன்னொருத்தன் ஓனரா?" என்ற இடத்தில் அவருக்குக் குரல் உடையும். ஒவ்வொரு ஊரிலும் அதே இடத்தில் உடைந்தது. கைத்தட்டலும் அதே இடத்தில் வந்தது. கத்தரிப்புகள் திரும்பி வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற மறுவருடம், 2004இல், அவர் அரியலூரில் என் வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் ஒரு கொட்டாங்கச்சியோடும் வந்தார். கொட்டாங்கச்சியில் கருப்பாக ஏதோ குழைந்து இருந்தது.

முந்திரிக் கொட்டையை வறுத்து உடைக்கும்போது ஓட்டிலிருந்து ஒரு கரிய எண்ணெய் கசியும். தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கொட்டகைகளில் பெண்கள் காலையில் வந்ததும் கையில் ஒரு பூச்சைத் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். அதைச் செய்து கொடுப்பவர் ஒரு விதவை அம்மா. கொட்டகைக்குக் கொட்டகை நடந்து போய்க் கொட்டாங்கச்சியில் வைத்துக் கொடுப்பார். அதுதான் அவர் பிழைப்பு. சகலை அந்த அம்மாவிடம் போய், எதையெல்லாம் சேர்க்கிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார்: முந்திரி விறகுச் சாம்பல், விளக்கெண்ணெய், சுண்ணாம்புத் தெளிவு, ஆவாரை இலை.

"இது அந்தம்மா சொன்னதுதானே, சகலை?" என்றேன்.

"அவங்களுக்கு இது கேக்கும்னுதான் தெரியும். ஏன் கேக்குதுன்னு எனக்குத்தானே தெரியும்? பத்து பேர் கையில தடவிப் பாத்து நோட்டுல டேபிள் போட்டு வெச்சிருக்கேன், பாருங்க. இந்த ஃபாரமெல்லாம் நமக்கு ஒத்துவராது. நீங்கதானே இதுல புலி."

மஞ்சளைப் பற்றி அவருக்கு ஞாபகமூட்டியிருக்கலாம். ஆனால் நிரப்பாத படிவம் ஒன்று கண்ணெதிரே கிடந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. தவிர, அது நிச்சயம் தள்ளுபடியாகும் என்று எனக்குத் தெரியும். பரம்பரையாக மக்கள் கையாண்டு வருவதற்குக் காப்புரிமை இல்லை என்று சட்டத்தில் அப்போதே ஒரு பிரிவு சேர்ந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. "கண்டுபிடித்தவர் பெயர்" என்ற கட்டத்தில் அவர் பெயரை என் கையால், என் வாழ்க்கையிலேயே நல்ல கையெழுத்தில் எழுதினேன். பதிவுத் தபால் ரசீதை அவரிடம் கொடுத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் அவருக்குக்கூட இருந்திருக்காது.

விண்ணப்பம் திரும்பி வரவில்லை. உரிய காலம் கழிந்து, நடைமுறைப்படி, அரசிதழில் வெளியானது. வெளியிடுவது என்றால் கொடுத்துவிட்டதாக அர்த்தமில்லை என்பது எனக்குத் தெரியும், உள்ளூர் நிருபருக்குத் தெரியாது. சகலையின் படம் பேப்பரில் வந்தது. கையில் கொட்டாங்கச்சி, முகத்தில் மஞ்சளுக்காக அழுத அதே உருக்கம். என் மனைவி அதைக் கத்தரித்து எங்கள் பீரோவில் ஒட்டினாள்.

"அது பரம்பரை அறிவு. அதைத் தனி ஆள் சொந்தம் கொண்டாட முடியாது," என்றேன்.

"அப்ப ஃபாரத்தை ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"இது கொள்கை சம்பந்தப்பட்டது."

"கொள்கை இல்ல, வயித்தெரிச்சல். ரெண்டு நாளா மோர்தான் கேக்கறீங்க."

உண்மைதான். ஆனால் வயிற்றெரிச்சலுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. வெளியானதற்கும் கொடுப்பதற்கும் நடுவே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். நான் போட முடிவு செய்தேன். ஆறு பத்திகள், நான்கு இணைப்புகள். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைப்பிங் சென்டரில் அடித்து வாங்கியபோது, அடித்த பெண் "சார், ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். என் வாழ்க்கையில் நான் எழுதி நானே கையெழுத்துப் போடப்போகிற முதல் கோப்பு அது.

இணைப்புகளில் முக்கியமானது அந்த அம்மாவின் பிரமாணப் பத்திரம். பூச்சு தலைமுறையாக வருவது, அதன் சேர்மானங்கள் இன்னின்ன என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். வாசகத்தை எல்லாம் அடித்துவிட்டு, "கீழ்க்கண்ட பொருட்கள்" என்ற இடத்தில் மட்டும் நான்கு வரிகள் காலியாக விட்டுக்கொண்டு ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறினேன். சகலை வீட்டுப் பக்கம் போகவில்லை.

அம்மா கொட்டகையில் இருந்தார். ஏழெட்டுப் பெண்கள் மரக் கொட்டாப்புளியால் கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உடையார்பாளையம் தாலுகா ஆபீஸில் இருந்தபோது இந்த அம்மாவுடைய விதவை உதவித்தொகை மனுவை அலையவிடாமல் முடித்துக் கொடுத்திருந்தேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். வாத்தியார் எழுதியது இதுதான் என்று விண்ணப்பத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். ஆவாரை இலை என்றதும் தட்டுகிற சத்தம் நின்றது.

"ஆவாரையா? ஏக்கா, அது எப்போலேருந்து?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"வந்து கேக்கறாரு, வெறுங்கையோட அனுப்ப முடியுமா?" என்றார் அம்மா. "மூணு சரியாத்தான் சொன்னேன். நாலாவதுக்கு ஆவாரைன்னு வெச்சேன். ஒடம்புக்குக் கெடுதல் பண்ணாததாப் பாத்துதான் சொன்னேன் சார்."

"பத்து பேர் கையில தடவிப் பாத்திருக்காரே? ஒருத்தருக்கும் கொப்புளம் இல்லைன்னு போட்டிருக்கே?"

முதலில் கேட்டவள் கையைத் தூக்கினாள். "அதுல நான் ஒருத்தி சார். அக்காவோடத அடியில பூசிக்கிட்டு, அது மேல வாத்தியாரோடத தடவிக்கிட்டேன். எம்புள்ளையப் பத்தாவது பாஸ் பண்ண வெச்சவரு. நல்லா இல்லைன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"மத்த ஒன்பது பேரு?"

"நானும் அப்படித்தான்," என்றது ஒரு குரல். "நானுந்தான்," என்றது இன்னொன்று. பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல, அவரவர் மரியாதைக்கு அவரவர் செய்தது என்று சொன்னார்கள்.

அந்தச் சாக்கில் உட்கார்ந்துகொண்டு நான் அடைந்த ஆனந்தம் எனக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாள் சன்னிதியில்கூடக் கிடைத்ததில்லை. டேபிளே பொய். சகலை வேலை செய்யாத ஒரு பூச்சைக் கண்டுபிடித்திருக்கிறார்! பையிலிருந்து பிரமாணப் பத்திரத்தை எடுத்து, இதில் கையெழுத்துப் போட்டால் வாத்தியார் விண்ணப்பம் விழுந்துவிடும் என்றேன்.

அம்மா காலி வரிகளைப் பார்த்தார். "இதுல என்ன எழுதணும்?"

"உண்மையான நாலும்."

"எழுதினா யாரு படிப்பாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நடைமுறையைத் தப்பாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அது நல்ல குணமில்லை, பழக்கம். "யார் வேணாலும் படிக்கலாம்மா. நகல் கேட்டா குடுப்பாங்க. கம்பெனிக்காரன்கூட வாங்கிக்கலாம்."

"அப்புறம் அது என்னுதுன்னு எழுதிக் குடுப்பாங்களா?"

"இல்ல. அது யாருதும் இல்லைன்னு ஆயிடும்."

"எழுதலைன்னா?"

"அவருக்கு ஆவாரைக்குப் பத்திரம் கிடைக்கலாம். உங்களோடதை அது ஒண்ணும் செய்யாது."

சொல்லி முடித்தபிறகுதான், என் மனுவுக்கு எதிரான மனுவை நானே போட்டுவிட்டது உறைத்தது. அம்மா சாம்பல் படிந்த தன் விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீங்க அன்னிக்கு எனக்கு ஒரு வழி பண்ணுனீங்க. வேணும்னா எழுதிக்குங்க," என்றார். உதவித்தொகைக் கடனை அடைக்கிறார் என்று புரிந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சாம்பல், விளக்கெண்ணெய், சுண்ணாம்புத் தெளிவு. கொட்டாப்புளிகள் ஒன்றுகூட எழவில்லை. பெண்கள் என் பேனாவையே பார்த்தார்கள்.

அம்மா நான்காவதற்கு வாயெடுத்தார். "போதும்மா," என்று பேனா மூடியைத் திருகி மூடினேன்.

இதில் என்னை யாரும் மெச்ச வேண்டியதில்லை. அம்மாவின் பிழைப்பு எனக்கு நினைவில் இருந்தது, உண்மை. ஆனால் கையை நிறுத்தியது வேறு. சகலைக்குச் சொல்லாததை எனக்குச் சொல்ல அவர் தயாராக இருந்தார். அந்த ஒரு கணத்துக்கு நான் முதல் இலையில் உட்கார்ந்திருந்தேன். அது போதும் என்று தோன்றியது.

அந்தத் திருப்தி பஸ் அரியலூர் எல்லையைத் தொடும்வரைகூடத் தாங்கவில்லை. மனு என் பீரோவில் கிடந்தது. காலக்கெடு போனது. 2007இல் சகலைக்குப் பத்திரம் வந்தது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் மேஜைக்குப் போன காகிதம் அப்பழுக்கில்லாதது, அதை எழுதியவன் நான்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தும் பட்டியலில் என் பெயர் பதினொன்றாவது. சகலை பேச்சின் கடைசியில், "ஃபாரம் நிரப்பக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணின சகலைக்கும் நன்றி," என்றார். அந்த அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் கைதட்டினார். அவர் பூச்சைத்தான் கொட்டகைகள் அப்போதும் வாங்கிக்கொண்டிருந்தன. வாத்தியாருடையதை வாங்கிப்போன ஒன்றிரண்டு பேரும் மரியாதைக்காகக் கூரையில் செருகி வைத்திருந்தார்கள்.

மத்தியானம் அரியலூர் பஸ்ஸில் திரும்பும்போது மனைவியிடம், "அந்த நாலாவது என்னன்னு கேட்டுத் தொலைச்சிருக்கலாம்," என்றேன்.

"அது தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. "உனக்குத் தெரியுமா?"

"ஏழு வயசுலேருந்து கொட்டை ஒடச்சவ நானு. எனக்குத் தெரியாமலா?"

"உன் தங்கச்சிக்கு?"

"அவளுக்கும்தான். கொட்டகையில பாதிப் பேருக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் எல்லாரும் அந்தம்மாகிட்டப் போய் வாங்கறீங்க?"

"அவ அதை வெச்சுத்தானே பொழைக்கிறா? ஒருத்தி அதுல பொழைக்கிற வரைக்கும் மத்தவ செய்யறதில்ல. அவளுக்கு முன்னாடி அவ நாத்தனா செஞ்சா. அப்ப இவளும் காசு குடுத்துத்தான் வாங்கினா."

"இது யார் போட்ட விதி?"

"யாரு போடணும்?"

"உன் தங்கச்சி அவர்கிட்ட ஆவாரை இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"ஒடைக்காத ஆளுக்கு எதுக்கு?"

"எனக்கு மட்டும் சொல்லேன்."

"நீங்க எத்தினி கொட்டை ஒடச்சிருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எண் இல்லை, உட்பிரிவு இல்லை, மேல்முறையீடு இல்லை. இப்படி ஒரு நடைமுறை முப்பத்தைந்து வருடமாக என் வீட்டிலேயே அமலில் இருந்திருக்கிறது. எனக்கு ஒரு சுற்றறிக்கைகூட வரவில்லை. சகலையிடம் பட்டதைவிட அதிகமான பொறாமை அப்போது என் மனைவியின் மேல் வந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அவருக்கும் தெரியாதுல்ல?" என்றேன்.

"தெரியாது."

"நிச்சயமா?"

"நிச்சயமாத் தெரியாது. கொஞ்சம் தூங்க விடுங்க."

அரியலூருக்கு முன்னாலேயே ரெட்டிபாளையம் வந்துவிடும்; அது வருகிற வரைக்கும் நிம்மதியாக இருந்தேன்.