வேட்டுக்கு அசையாத பிள்ளை

தார் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தினால் ஒரு பெரிய தகடு கிடைக்கும். அப்படிப்பட்ட தகடுகளைக் கம்புகளில் அடித்துக் கட்டிய கொட்டகைதான் எங்கள் வீடு. எழுபதுகளின் கடைசி அது. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் பாதி தூரம் போனதும், அங்கிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஒரு புதுச் சாலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு வந்தவர்கள் தங்கும் கேம்ப்பில் கொஞ்சம் கொட்டகைகள், ஓர் ஊற்று, ஒரு டீக்கடை. அதைத் தாண்டினால் காடு. வெயில் காலத்தில் தகட்டில் மிச்சமிருக்கும் தார் உருகிச் சேலையில் ஒட்டும். மழைக்காலத்தில் அட்டை காலில் ஏறும். கல்யாணமான புதிதில் நான் அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓவென்று அழுதபோது, புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொள்ளத் தெரியாதவளை யார் மலைக்குக் கட்டிக்கொடுத்தது என்று கேம்ப்பே சிரித்தது.

கட்டிக்கொடுத்தது என் அம்மாதான். சிலமலையில் பருத்தியும் சோளமும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்த என்னை, தன் கடைசித் தம்பிக்கே கட்டிவைத்தார். மாமா கம்ப்ரசர் ஓட்டினார். பாறையில் வேட்டுக்குத் துளை போடும் மெஷினுக்குக் காற்று கொடுக்கிற டீசல் இயந்திரம் அது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அது ஓடினால், எங்கள் கொட்டகைத் தகடு அதிரும், குடத்துத் தண்ணீர் நடுங்கும். அதன் பக்கத்திலேயே காலையிலிருந்து மாலை வரை நிற்பது மாமாவின் சோலி.

அதனால் கேம்ப்பில் யாரும் பேசுவதில்லை. கத்துவோம். உப்பு இருக்கிறதா என்று கேட்பதும் கத்தல்தான், புருஷன் பெண்டாட்டி கொஞ்சுவதும் கத்தல்தான். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுத்த சரிவு வரைக்கும் தெரியும். ஒருமுறை போடி சந்தைக்குப் போய்விட்டு பஸ்சில் திரும்பும்போது கண்டக்டர் எங்களிடம் வந்து, "வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கங்கப்பா" என்றார். நாங்கள் சண்டையே போடவில்லை. புளி வாங்கினோமா இல்லையா என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு ஒரு நிஜச் சண்டை போட்டேன். மாமா மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய பொறுமையை நான் அப்போது மெச்சிக்கொண்டேன்.

பிரசவத்துக்குச் சிலமலைக்கு இறங்கினேன். ஆண் பிள்ளை. கழுத்து நின்றதும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். ஜல்லி சுமக்கப் போகும்போது அவனை டீக்கடையில் விட்டுவிட்டுப் போவேன். கடை வைத்திருந்த அம்மாள் எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர். நாங்கள் எல்லோரும் அவரைச் சேச்சி என்றோம். கடைக்குப் பின்னால் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். எந்தப் பிள்ளை அழுதாலும் டீ ஆற்றுகிற கையாலேயே ஒரு ஆட்டு ஆட்டிவிடுவார்.

வேட்டு வைக்கிற நேரத்தில் மேஸ்திரி விசில் ஊதிச் சிவப்புக் கொடியை ஆட்டுவார். "வேட்டு! வேட்டு!" என்று நாலு பக்கமும் குரல் போகும். நாங்கள் சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி, அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய பாறைக்குப் பின்னால் போய் உட்கார்வோம். மலை அதிரும். மண் பொலபொலவென்று மேலே விழும். மற்ற பிள்ளைகள் வீறிட்டு அழும். என் மகன் மட்டும் வாயைச் சப்பிக்கொண்டு தூங்குவான்.

"சிங்கக்குட்டியில்ல பெத்திருக்கே!" என்பார் மேஸ்திரி. "மோன் நல்ல ஒறக்கம்" என்று சேச்சி கன்னத்தைக் கிள்ளுவார். வேட்டுக்கு அசையாத பிள்ளை என்று அவனுக்குப் பேரே ஆகிவிட்டது. ஏலத்தோட்டத்து ஜீப்பில் போகிறவர்கள்கூட நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுகிற பிள்ளைகளின் அம்மாக்களை நான் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசிக்கு முன்னால் என் அம்மா பேரனைப் பார்க்க லோடு ஜீப்பில் ஏறி வந்தார். வந்த அன்றைக்கே மத்தியானம் வேட்டு. அம்மா என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று நடுங்கினார். சத்தம் அடங்கியதும் என் மடியைப் பார்த்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். நான் பெருமையாகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கொட்டகைக்குத் திரும்பியதும், பிள்ளை விழித்துக் கிடந்தபோது, அவன் தலைமாட்டில் நின்று கரண்டியால் தட்டில் ஓங்கி அடித்தார். அவன் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டே இருந்தான்.

"ஏத்தா, நம்ம வீட்டுல இருந்தப்ப கதவு சாத்துனாலே தூக்கிப் போட்டு முழிச்சானே. இப்ப இவனுக்குக் காது கேக்குதா?"

எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "வந்த அன்னிக்கே எம் புள்ளைய நொட்டை சொல்லணுமா?" என்று கத்தினேன். அம்மா தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் ஜீப்பில் ஏறும்போது மட்டும், "ஏந் தம்பி மெசினு எம் பேரன் காதத் தின்னுருச்சு" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ஜீப் வளைவில் மறையும் வரை நான் கல் மாதிரி நின்றேன். அப்புறம் உள்ளே போய் நானே தட்டை எடுத்தேன்.

கேம்ப்பில் ரகசியம் ஏது? அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு வைத்தியரானார்கள். மேஸ்திரி அவன் முதுகுக்குப் பின்னால் விசில் ஊதினார். லாரி டிரைவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஹாரனை அழுத்திப் பிடித்தார். ஒருவர் காலி டின்னை இரும்புக் கம்பியால் அடித்தார். பிள்ளை எவர் முகத்தையாவது பார்த்தால் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். பார்க்காவிட்டால் திரும்பவே இல்லை. நான் அவன் பெயரைச் சொல்லித் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். அவன் தகட்டு இடுக்கில் வருகிற வெயிலைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.  மாமா கம்ப்ரசரை நிறுத்திவிட்டு வந்ததும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவன் காது மடலை விரலால் நீவிவிட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள், "நாந்தேன் கெடுத்துட்டேன். இந்தச் சோலியே வேணாம், ஊருக்குப் போயிருவோம்" என்றார். அதையும் கத்தித்தான் சொன்னார். சரிவு முழுவதும் கேட்டிருக்கும். போடியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். திங்கட்கிழமை போவதென்று முடிவு செய்தோம்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீழே மலைப்பாதையில் மண் சரிந்து டீசல் வண்டி வரவில்லை. கம்ப்ரசர் நின்றது. வேட்டும் இல்லை. முதல் நாள் பழக்க தோஷத்தில் எல்லோரும் கத்திக்கொண்டுதான் திரிந்தார்கள். மறுநாள் மழை விட்டு மூட்டம் இறங்கியது. எதிர்க் கொட்டகை தெரியவில்லை. ஆட்கள் கம்பளிக்குள் சுருண்டுவிட்டார்கள். அந்த இடம் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஊற்றுத் தண்ணீர் கல்லில் விழுவது வீட்டுக்குள் கேட்டது.

மத்தியானம் நான் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மெஷினின் ஏதோ ஒரு சாமானை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பாயில் தகட்டுப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தான். எனக்கு மனசு கனத்துக் கிடந்தது. யாருக்கும் கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை. வாய்க்குள்ளேயே முனகினேன்.

"மதுரைக்குப் போவோமா, அப்பு?"

பிள்ளை திரும்பினான்.

தற்செயல் என்று நினைத்தேன். அவன் மறுபடி தகட்டுப் பக்கம் போகும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். "அப்பு" என்றேன், உதடு அசைகிற அளவுக்கு. திரும்பிப் பார்த்துச் சிரித்தான். முறத்து விளிம்பில் நகத்தால் சுரண்டினேன். கண்ணை அகல விரித்துக்கொண்டு முறத்தைப் பார்த்தான்.  மலைக்கு வந்ததிலிருந்து அவன் கேட்டது விசில், வேட்டு, கம்ப்ரசர், எங்கள் கத்தல். எதுவும் தனக்கில்லை என்று எல்லாவற்றையும் அவன் ஒதுக்கிவிட்டிருந்தான். நாங்களோ அவனைச் சோதிக்க இன்னும் பெரிய சத்தமாகத் தேடிக்கொண்டிருந்தோம். மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெற்றவளுக்கே தோன்றவில்லை.

சந்தோஷத்தில் எனக்குக் கத்தத் தோன்றியது. பிள்ளை மிரண்டுவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு, "மாமா, இவனுக்குக் காது கேக்குது" என்றேன்.

பிள்ளை என்னைப் பார்த்தான். மாமா துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றேன். கை நீட்டினால் அவர் முதுகைத் தொடலாம். துணி இரும்பில் உரசுவது எனக்குக் கேட்டது. "மாமா, இங்க பாருங்க." இன்னும் கொஞ்சம் குரலைக் கூட்டினேன். அவர் சாமானைத் திருப்பி, அடிப்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

முறம் என் மடியிலிருந்து சரிந்து அரிசி பாயில் கொட்டியது. பஸ்சில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தது பொறுமையால் இல்லை. எத்தனையோ முறை நான் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனதும் அசட்டையால் இல்லை. எல்லோரும் கத்துகிற இடத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. சந்தோஷமும் துக்கமுமாக அழுகை வந்தது. எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டேன்.

என் முகத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார். "என்னாத்தா? ஏன் அழுகுறே?" என்று கத்தினார்.

நானும் கத்தினேன். "புள்ளைக்குக் காது நல்லாக் கேக்குது மாமா!"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மண்ணெண்ணெய்க் கையோடு பிள்ளையை அள்ளித் தலைக்கு மேலே தூக்கினார். "எம் மெசினு ஒண்ணும் பண்ணல! கேட்டியா, எம் மெசினு ஒண்ணும் பண்ணல!" மூட்டத்துக்குள் நாலைந்து கொட்டகைகளிலிருந்து என்ன, என்ன என்று குரல்கள் வந்தன.

"அப்ப மதுரைக்குப் போக வேண்டியதில்லைல்ல?" என்றார்.

"போகணும் மாமா" என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் உரக்கச் சொன்னேன். "திங்கக்கிழமை போகத்தேன் வேணும்."