சைபரை எடுத்துவிட்டு

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலைக் கீழிருந்து மேலாக வாசிப்பவன் நான். செத்தவர் யார் என்பதற்கு முன்பே பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்பதுதான் என் கண்ணில் படும். கனடா, சுவிஸ், லண்டன் என்று நாட்டுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் போட்டிருப்பார்கள். அதில் பாதி பிழையாக இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தொழில் அப்படி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை. மாலுமிகளின் வீட்டு இலக்கங்களைக் கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. நாட்டுக் குறியீட்டைப் போட்டால் முன்னால் நிற்கும் சைபரை எடுத்துவிட வேண்டும். இத்தாலி வீட்டு இலக்கம் என்றால் மட்டும் விட்டுவைக்க வேண்டும். இதில் பிழை விட்டால், கடலில் ஒருவனுக்கு ஏதும் நடந்தாலும் வீட்டுக்குச் சொல்ல முடியாது.

அம்மா போன அன்று, எங்கள் பாலையூற்று வீட்டில் இருந்தபடி அவருடைய அறிவித்தலையும் நான்தான் எழுதினேன். தன்னுடைய இலக்கம்தான் முதலில் வரவேண்டும் என்று கனடா மாமா அடம்பிடித்தார். "அக்காவுக்கு நான் ஒரே தம்பியல்லோ" என்றார். போட்டுத் தொலைத்தேன். லண்டனில் இருக்கும் என் அக்காவின் இலக்கத்தைப் போடும்போதுதான் கை நின்றது.

அக்கா தன் விருப்பத்துக்குக் கலியாணம் கட்டியவள். அன்றோடு அம்மா அவளுடன் கதைப்பதை விட்டுவிட்டார். அவள் போன் எடுக்க எடுக்க இவர் வெட்டினார். கடைசியில் ஒரு பார்சல் அனுப்பி, அதில் தன் இலக்கத்தையும் எழுதியிருப்பதாக என்னிடம் சொன்னாள்.

"கோபம் ஆறினால் எடுக்கட்டாம் அம்மா. அக்கா இனித் தானாக எடுக்க மாட்டாவாம்" என்றேன்.

"நான் ஏன் அவளுக்கு எடுக்கிறன்?" என்று அம்மா பார்சலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பிறகொரு நாள் எனக்குச் சோறு போட்டபடி கேட்டார்.

"தம்பி, போன் எடுக்கேக்க இங்கிலிசில ஒரு பொம்பிளை கதைச்சால் என்ன?"

"அந்த நம்பர் இப்ப பாவனையில இல்லையெண்டு அர்த்தம்."

யாருக்கு எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

அறிவித்தலை அனுப்பிவிட்டு, இன்னும் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பார்க்க அம்மாவின் பட்டன் போனைத் திறந்தேன். எடுத்த அழைப்புகளில் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப நின்றது. வருடப்பிறப்பு அன்று எடுத்திருக்கிறார். போன கிழமையும் எடுத்திருக்கிறார். முதலில் 0044, அடுத்து ஒரு சைபர், அதற்குப் பிறகு அக்காவின் இலக்கம். லண்டன்காரர் எழுதுகிற மாதிரி அக்கா சைபரை அடைப்புக்குள் போட்டு அனுப்பியிருப்பாள். இங்கேயிருந்து எடுக்கும்போது அதை அழுத்தக் கூடாது என்று அம்மாவுக்கு யார் சொன்னது? அந்த இங்கிலிஸ் பொம்பிளையின் குரலைக் கேட்டுக் கேட்டு, மகள் இலக்கத்தை மாற்றிவிட்டாள் என்றே நினைத்திருப்பார். நினைத்தும் விடாமல் எடுத்திருக்கிறார்.

சைபரை எடுத்துவிட்டு அம்மாவின் போனிலேயே அழுத்தினேன். இலக்கம் சரியா என்று பார்க்கிற தொழில் பழக்கம், வேறொன்றும் இல்லை. அம்மா போய்விட்டார் என்று காலையிலேயே அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். அவளுக்குத் தெரியும். என்றாலும் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா?" என்றாள்.

நான் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன்.

"கதையுங்கோ அம்மா" என்றாள்.