எல்லோருடைய கடிதமும் கேட்ட பெண்

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கடிதங்களாலேயே ஆன பயண நாவல்கள் உண்டு. ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும், ஆளுக்கொரு கடிதம் எழுதும். ஒரே விடுதி பெரியவருக்கு நரகம், அவர் வீட்டுப் பெண்ணுக்குச் சொர்க்கம். அடுத்தவர் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் படிப்பது வாசகர் ஒருவர்தான். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் இதைத்தான் நடத்துகிறேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எனக்கோ இதைப் பேச ஆரம்பித்தால் கால் தரையில் நிற்காது.

எனக்குப் பெண் பார்க்கத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். நாங்கள் குடியிருக்கும் வலியசாலைத் தெருவைக் கார் தாண்டவில்லை, ஆளுக்கொரு போனை எடுத்துவிட்டார்கள். அப்பா தன் வயிற்று உபாதையைச் சிநேகிதருக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்பினார். அம்மா சித்திக்கு டிரைவர் ஓட்டுகிற லட்சணத்தைச் சொன்னாள். தங்கை தோழியிடம் மழையை வர்ணித்தாள். மழையாவது, நாலு தூறல். என் சிலபஸ் காரேறி வருகிறதே என்று சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

பெண் வீட்டுக் கூடத்திலும் இது நிற்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிட்டால் மலையாளம் ஒருவருக்கும் புரியாது என்று எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு ஒரு அசட்டுத் தைரியம். சோபாவில் உட்கார்ந்தபடியே, சிரித்த முகத்தோடு, வேகமான மலையாளத்தில் மூவரும் போனில் பேசினார்கள். காபி முழுக்கச் சிக்கரி என்றார் அப்பா. மாடிப்படி ஆளைக் கொல்லும் என்றாள் அம்மா. அண்ணன், பெண்ணைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றாள் தங்கை. அவள் சொன்னது நிஜம். காபி ஆறுவதற்குள் எனக்கு இவளை விட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். பதற்றத்தில் நான் என் நாவல்களைக் கொட்டித் தீர்த்தேன். அவள் ரசித்துக் கேட்டாள். பிறகு சுத்தமான மலையாளத்தில் பேச ஆரம்பித்தாள். ஜாதகத்தோடு வந்த விவரத்தில் இப்போதைய சென்னை வேலை மட்டும்தான் இருந்தது. அதற்கு முன் எங்கள் ஊர்க் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, ஹாஸ்டல் வாசமாம். சிக்கரி, மாடிப்படி, என் பிளந்த வாய், ஒன்று விடாமல் ஒப்பித்தாள். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

அவள் தமிழுக்கு மாறினாள். "எல்லாரோட லெட்டரும் கேட்டாச்சு. உங்களோடதுதான் இன்னும் வரலை."

"ஊருக்கு எழுத எனக்கு ஒண்ணும் தோணலை," என்றேன். "திரும்பிப் போகவே தோணலை."

அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கூடத்தில் அம்மாவின் எதிரில் நின்று மலையாளத்தில் படபடவென்று பேசினாள். அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். தங்கை முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். பெண்ணின் அப்பா ஒன்றும் புரியாமல், என்ன சொல்கிறாள் என்று எங்களைக் கேட்டார்.

அம்மா முகம் சிவந்து, அன்றைக்கு முதல்முறையாக எல்லோருக்கும் புரிகிற பாஷையில் சொன்னாள்: "உங்க பொண்ணுக்குச் சம்மதமாம்."