எண்ணூறு ஹெக்டோபாஸ்கல் காற்று

டொரொண்டோவில் விமானம் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மடியில் வைத்திருந்த சிப்ஸ் பக்கெட் ஊதிப் பெருத்து, தொட்டால் வெடித்துவிடும் போல் ஆகிவிட்டது. சுற்றியிருந்த எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கெட் பெருத்தால் சுற்றியுள்ள காற்று மெலிந்துவிட்டது என்று பொருள். பசறையில் பதினொரு வருடம் பௌதிகம் படிப்பித்தவன் நான். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். முதுகு போய்விட்டது, படித்தது போகவில்லை.

அப்பா இறந்தபின் அம்மா தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் தனியாள். அவரைக் கையோடு அழைத்துவரத்தான் இந்தப் பயணம். விசா கிடைத்துவிட்டது. மீதி இருந்தது அம்மாவின் நெஞ்சு ஒன்றுதான். பதுளை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கும் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தொலைபேசியில் கேட்டபோது, “பிளேனுக்குள்ள காத்து ஐதாத்தான் இருக்கும், மலை உச்சியில நிக்கிற மாதிரி. அவவின்ர நுரையீரல் தாங்குமோ எண்டுதான் யோசிக்கிறன்” என்றார். எந்த மலை, எவ்வளவு உயரம் என்று கேட்டேன். சயன்ஸ் மாஸ்டர்தானே, வரும்போது அளந்து பாருங்கள் என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் வினையாக எடுத்துக்கொண்டேன்.

ஓடுபாதையிலேயே ஆரம்பித்துவிட்டேன். இயர்போன் வயரைத் தொங்கவிட்டுப் பிடித்தேன். விமானம் ஓடத் தொடங்கியதும் வயர் பன்னிரண்டு பாகை பின்னால் சாய்ந்தது. சக்கரம் தரையை விட முப்பத்தெட்டு விநாடி. சாய்வு காட்டிய வேக ஏற்றத்தை விநாடியால் பெருக்கிப் பார்த்தால், விமானத்தின் வேகம் மணிக்கு இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு கனேடிய மூதாட்டி. நான் ஜெபமாலை உருட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் கண்ணை மூடிக் கைகுவித்துவிட்டார். இல்லையென்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

பறக்கும் உயரத்துக்கு வந்தபின் போனில் காற்றழுத்தம் பார்த்தேன். தரையில் ஆயிரம் காட்டியது, எண்ணூறு ஹெக்டோபாஸ்கலில் வந்து நின்றது. விமானம் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் போனாலும், உள்ளே எங்களை ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் காற்றில்தான் வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் மீட்டர் என்றால் எங்கள் நமுனுகுல மலை. அம்மா முப்பது வருடம் விறகுக்கு ஏறிய காடு அந்த உச்சியை ஒட்டித்தான் இருக்கிறது. கொழுந்து எடுத்து முடித்து, அதன்மேல் விறகுக்கட்டும் தலையில் சுமந்து வந்தவருக்கு, உட்கார்ந்துகொண்டு மூச்சுவிடுவதா கஷ்டம்? எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கெட்டைப் பிரித்துத் தின்றுவிட்டேன்.

ஊர் வந்து மூன்றாம் நாள் அம்மாவை ஓட்டோவில் தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேமலைக்குக் கூட்டிப்போனேன். வண்டி ஏறக்கூடிய கடைசித் திருப்பத்தில் போன் எண்ணூற்று முப்பத்தைந்து காட்டியது. விமானத்தைவிடக் கொஞ்சம் கனமான காற்றுதான். அம்மாவை மதகில் உட்காரவைத்து, ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டினேன். லயத்தில் தொண்ணூற்றிரண்டு இருந்தது. எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் பயணம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பத்து நிமிடம் காத்திருந்தேன். எண்பத்து நாலு. கிளிப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். எண்பத்து நாலுதான்.

“ஏன் தம்பி, ஒங்க ஊரு இதவிட ஒசரமா?” என்று கேட்டார் அம்மா.

“இல்லம்மா. ஊரு ரொம்பப் பள்ளம். வழிதான் ஒசரம்.”

அம்மா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “வெறகுக்கு வந்தா அரமணி நேரம் நிப்போம். கட்டுனதும் எறங்கிருவோம். நீ சொல்ற பிளேனுல பாதியில எறங்க விடமாட்டாங்கள்ல?”

பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கவேண்டும். உயரத்தை அளந்தேன், நேரத்தைச் சேர்க்க மறந்தேன். அதைவிட மோசம், விறகு சுமந்த அம்மாவுக்கு விமானத்தை அளந்திருக்கிறேன். இந்த அம்மாவை அளக்கவே இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் கொப்பியை விட்டெறிந்திருப்பேன். அழுகை வந்தது. அதற்கும் களைப்பாக இருந்தது.

அம்மா கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டினார். இத்தனை வருடம் கொழுந்து நிறுத்தவருக்கு எண் வாசிக்கத் தெரியும். டொரொண்டோவில் எனக்குத் தொண்ணூற்றொன்பது காட்டும். இங்கே தொண்ணூற்று மூன்று.

“ஒனக்கும் கொறஞ்சிருச்சேப்பா” என்றார். “இந்தக் காத்து ஒனக்கு ஒத்துக்கல. வா, எறங்கிருவோம்.”

நான் பிறந்த மலை அது. அங்கே அதிக நேரம் நிற்கக்கூடாதென்று, எண்பத்து நாலில் மூச்சிழுத்துக்கொண்டிருந்த அம்மா என் கையைப் பிடித்து ஓட்டோவுக்கு நடத்திக்கொண்டு போனார்.