கிண்டியில் மூடிய கதவு

காலை எட்டு ஐம்பத்திரண்டு. கிண்டி மெட்ரோ நடைமேடையின் பலகை அந்த நேரத்தைத்தான் காட்டியது. என் ஆறு வயது மகன் வண்டிக்குள் இருந்தான், நான் வெளியே நின்றேன். நடுவில் மூடிய கதவு. கண்ணாடியில் அறைந்தேன். அவன் திரும்பவில்லை. காலி இருக்கையில் சித்தப்பாவின் துண்டை விரிப்பதில் மும்முரமாக இருந்தான். வண்டி நகர்ந்துவிட்டது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. திருவாரூருக்குத் தெற்கே எங்கள் ஊரில், மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழும் குடும்பங்களுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பவர். வரப்பில் போலீஸ் நிற்க, நடவுப் பெண்களோடு சேற்றில் இறங்கியவர். இரண்டு கழக ஆட்சிகளிலும் மாறி மாறி மனு கொடுத்தும் தீராமல், வழக்கு உயர் நீதிமன்றம்வரை வந்திருந்தது. அன்றைய விசாரணைக்கு அவரும் வந்தால் நல்லது என்று வக்கீல் சொன்னார். சென்னையில் அவருக்கு வழி தெரியாது என்பதால், பள்ளி ஆசிரியையான நான் துணைக்கு வந்தேன். கணவர் சிங்கப்பூரில் இருந்தார். மகனையும் கூட்டி வர வேண்டியதாயிற்று.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, மெட்ரோவுக்கு மாற வேண்டும். நகரும் படியில் கால் வைக்க மறுத்துவிட்டு, மூச்சு வாங்க மாடி ஏறினார் சித்தப்பா. எங்கள் பக்கம் வண்டி மாறுவதென்றால் இறங்கி நின்றால் போதும், இணைப்பு வண்டி காத்துக்கொண்டிருக்கும். இங்கே எல்லோரும் ஓடினார்கள். ஓட்டத்தைப் பார்த்து அவருக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது.

ஊரில் டவுன் பஸ்ஸில் கூட்டமென்றால் முதலில் பிள்ளையை ஏற்றிவிடுவோம். சன்னல் வழியாகக்கூடக் கொடுப்போம். பிள்ளை துண்டைப் போட்டு சீட்டு பிடித்து வைக்கும், பெரியவர்கள் பையோடு நிதானமாக ஏறுவார்கள். கடைசி ஆள் ஏறும்வரை கண்டக்டர் விசில் ஊத மாட்டார். சித்தப்பா அதையேதான் செய்தார். மகனைத் தூக்கி உள்ளே விட்டு, “ஓடு, மூணு பேருக்கு எடம் புடி. யாரு கேட்டாலும் எந்திரிக்காத” என்றார். என் கையிலிருந்த பையை வாங்கத் திரும்பினார். கதவு மூடிக்கொண்டது.

சீருடை அணிந்த ஒரு பெண் ஓடி வந்து அடுத்தடுத்த நிலையங்களுக்குச் சொன்னாள். என்ன சட்டை என்று கேட்டாள். காலையில் ரயிலில் வைத்து நான்தான் உடுத்திவிட்டேன், என்ன நிறம் என்று நினைவுக்கு வரவில்லை. பச்சை என்றேன், இல்லை நீலம் என்றேன். சின்னமலையில் தனியாக அழுகிற பிள்ளை யாரும் இல்லை என்று பதில் வந்தது. சைதாப்பேட்டையிலும் இல்லை. சித்தப்பா துண்டில்லாத தோளைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த நேரம் பார்த்து வக்கீல் கூப்பிட்டு, வழக்கு சீக்கிரமே வந்துவிடும், எங்கே இருக்கிறீர்கள் என்றார். நான் பேச்சைத் துண்டித்தேன். வாழ்நாளில் சித்தப்பாவை எதிர்த்துப் பேசாதவள் அன்று பேசினேன்.

“ஒங்க நெலம் எக்கேடோ கெடட்டும் சித்தப்பா. எம்புள்ளயக் கொண்டாங்க.”

அடுத்த வண்டி வந்ததும் அவர் கூட்டத்தோடு ஏறிவிட்டார். அவரிடம் கைபேசி கிடையாது. இப்போது இரண்டு பேரைத் தொலைத்துவிட்டு நின்றேன். பின்னாலேயே போகலாமா என்றால் அந்தப் பெண் தடுத்தாள், பிள்ளை இங்கே வந்தால் யார் இருப்பார்கள் என்றாள். ஒவ்வொரு வண்டியும் நூறு முகங்களைக் கொட்டிவிட்டுப் போனது. அந்த முகங்களை வெறுத்தேன்.

இன்று சித்தப்பா இல்லை. வழக்கு இன்னும் இருக்கிறது. மகன் என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். சென்னை வந்தால் எனக்கு முன்னே துள்ளிப் போய் வண்டி மாறுகிறான். கதவு மூடும் மணி கேட்டால் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். “அம்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்கிறான். பார்க்கட்டும். அந்தக் காலை எனக்குள் இன்னும் முடியவில்லை.

அன்று நடைமேடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைசி நிலையத்தில் ஒரு பையன் இறங்க மறுத்து உட்கார்ந்திருக்கிறானாம், ஆனால் அழவில்லையாம் என்று அந்தப் பெண் சொன்னாள். பிறகு எதிர் நடைமேடையில் ஒரு வண்டி வந்து நின்று போனது. கூட்டம் கலைந்த இடத்தில் சித்தப்பா நின்றிருந்தார், தோளில் என் மகன். நான் எப்படிப் படியிறங்கி, எப்படி மறுபக்கம் ஏறினேன் என்று தெரியாது.

மகன் கோபமாக இருந்தான். “ஏம்மா ஏறல? எல்லாரும் எந்திரி எந்திரின்னாங்க. நான் எடத்தக் குடுக்கவே இல்ல. தாத்தா வந்து சொன்னப்பறந்தான் எந்திரிச்சேன்.”

சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பிள்ளய வாங்கிக்க ஆயி,” என்றார். “எனக்குக் கை நடுங்குது.”